ஊசிப்போன தகவலும் சோதனை வாரண்ட்டும்: பார் தேர்வில் நான் சறுக்கிய இடம்

எல்.எல்.எம். (சட்ட முதுகலை) முடித்துவிட்டு, வழக்கறிஞராக உரிமம் வாங்க எழுதும் நியூயார்க் பார் தேர்வுக்குப் படித்த மாதங்களில், குற்றவியல் நடைமுறையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டேன். சோதனை வாரண்ட் கேள்வியில் தேதி வந்தால் போதும், விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவேன். மூன்று மாதமா? தகவல் ஊசிப்போய்விட்டது, அதாவது நம்பிச் சோதிக்க முடியாத அளவுக்குப் பழசு, வாரண்ட் செல்லாது. விடைப் பக்கத்தைப் புரட்டினால் தப்பு. வழக்குப் போடக் கெடு வைக்கும் லிமிடேஷன் சட்டத்தை நெட்டுருப் போட்டுவிட்டுப் போன நமக்கு நாள் எண்ணுவது ரத்தத்தில் ஊறியது, என்ன செய்ய!

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வாரண்ட்டுக்கு 'ப்ராபபிள் காஸ்', அதாவது நம்பத் தகுந்த காரணம், கேட்கிறது. போலீஸ் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலத்தை முழுதாகப் பார்த்து, தேடும் பொருள் அந்த இடத்தில் இருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்ய வேண்டும். இல்லினாய்ஸ் எதிர் கேட்ஸ் (1983) சொல்வது இதைத்தான். பொருள் அங்கே 'இருந்தது' என்பது போதாது, இப்போது 'இருக்கும்' என்று நம்ப இடம் வேண்டும். பழைய தகவல் பிரச்சினையாவது இங்கேதான்.

இதற்கு மூல வழக்கு ஸ்க்ரோ (1932). மதுவிலக்குக் காலம். 1926 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து ஹோட்டல் ஒன்றைச் சோதிக்க வாரண்ட் வாங்கினார்கள். பத்து நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும், செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து, புதிதாக எந்த ஆதாரமும் இல்லாமல், அதே வாரண்ட்டில் தேதியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்ட் தரும் நாளில் காரணம் உயிரோடு இருக்க வேண்டும் என்றது. இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: ஒன்று தகவலின் வயது, மற்றது வாரண்ட்டின் ஆயுள். பின்னதுக்கு ஃபெடரல் விதியில் இப்போது 14 நாள். முன்னதுக்கு நாள் கணக்கே கிடையாது. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

குழப்பம் தெளிந்தது ஆண்ட்ரெசன் வழக்கில். மேரிலாந்தில் ரியல் எஸ்டேட் வேலை பார்த்த ஒரு வழக்கறிஞர் மீது மோசடிப் புகார். விவகாரம் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு அலுவலகத்தில் சோதனை. அலுவலக ஆவணங்களை யாரும் மூன்று மாதத்தில் தூக்கி எறிய மாட்டார்கள், ஆகவே தகவல் பழசாகவில்லை என்றது உச்ச நீதிமன்றம் (1976). இதே வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் சொன்ன உதாரணம் இன்னும் அருமை: ஆஷ்ட்ரேயில் கண்ட பாதி கஞ்சா சுருட்டு மறுநாள் வீடு கூட்டியதுமே போய்விடலாம், நிலவறையில் புதைத்த பிணமோ முப்பது வருஷம் கழித்தும் அங்கேயே கிடக்கலாம். அதைப் படித்த பிறகு தேதியைக் கண்டதும் ஓரத்தில் நான்கு சொல் எழுதிக்கொள்வேன்: குற்றம், ஆள், பொருள், இடம். ஒருமுறை நடந்ததா, தொடர்ந்து நடக்கிறதா? ஆள் நிலையாக இருப்பவரா, இடம் மாறுபவரா? பொருள் விற்றுத் தீர்வதா, வைத்துக்கொள்வதா? இடம் வீடா, ஒரு ராத்திரி ஹோட்டல் அறையா?

அப்புறம் இன்னொரு கண்ணி. தகவல் பழசு என்று சரியாகவே கண்டுபிடித்தும் மதிப்பெண் போகும். நம் ஊரில் பூரன் மல் தீர்ப்பு (1974) படித்து, முறைகேடாக எடுத்த சாட்சியமும் பொருத்தமானால் உள்ளே வரும் என்று பழகியவன் நான். அமெரிக்காவில் விலக்கு விதியை, அதாவது முறைகேடாக எடுத்த சாட்சியத்தை ஒதுக்கும் விதியை, கண்டதும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். லியான் வழக்கை (1984) மறந்துவிட்டேன். அதில் போதைப்பொருள் விற்பனையைப் பார்த்ததாக ஒருவர் கொடுத்த தகவலுக்கு வயது சுமார் ஐந்து மாதம். கீழ் நீதிமன்றம் ஊசிப்போனது என்றே சொன்னது. ஆனாலும் மாஜிஸ்திரேட் கொடுத்த வாரண்ட்டை நியாயமாக நம்பிப் போன போலீஸ் கைப்பற்றிய சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எனவே கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். 'வாரண்ட் செல்லுமா?' என்பதும் 'சாட்சியம் ஒதுக்கப்படுமா?' என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதுதான் கேட்டிருந்தால், வாக்குமூலத்தில் தெரிந்தே பொய் இருந்ததா, யாருமே நம்ப முடியாத அளவுக்கு அது வெறுமையாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

தேர்வின் பல்விடைப் பகுதியில் ஆறு மணி நேரத்துக்கு 200 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. அங்கே போய் யோசிக்க நேரமிருக்காது. எனக்குக் கைகொடுத்த பயிற்சி இது: தப்பாகப் போட்ட கேள்வியை எடுத்து, தேதியைத் தொடாமல் பொருளை மட்டும் மாற்றுவேன். கொக்கைன் பொட்டலம் இருந்த இடத்தில் கணக்குப் புத்தகம், பிறகு துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் விடை மாறுகிறதா என்று பார்ப்பேன். ஒரு கேள்வியில் நாலைந்து கேள்வி கிடைத்துவிடும்.