மதிலுக்கு உள்ளே இருப்பவரின் கோப்பு

பணி ஓய்வு பெறும்வரை ஒரு மருத்துவப் பதிவறையில் எழுத்தராக இருந்தேன். ஒரு முறை, ஒரே பெயரும் தந்தை பெயரில் ஒரே முதலெழுத்தும் கொண்ட இரு தமிழர்களில் ஒருவருடைய ஒவ்வாமைக் குறிப்பு மற்றவரின் கோப்பில் ஏறிவிட்டது. "எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று யாரம்மா எழுதியது?" என்று அந்தப் பெரியவர் முகப்பிலேயே கேட்டதால் தவறு அன்றே தெரிந்தது, அன்றே திருத்தினோம்.

ஓய்வுக்குப் பிறகு, சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதித் தரும் தொண்டூழியராகச் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அந்த முகப்புக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வெளியே நடமாடுகிற ஒருவர் தம் கோப்பில் பிழை இருந்தால் நேரில் வந்து கேட்டுவிடுகிறார். சிறையில் இருப்பவரால் அப்படி வர முடியாது. அவர் யார், எந்த ஆணையின்படி உள்ளே வந்தார், எந்த நாளில் வெளியே போக வேண்டும், எந்த மருந்தை உட்கொள்கிறார் என்பவற்றையெல்லாம் அவருக்காகச் சொல்வது அந்தப் பதிவு ஒன்றுதான். விசாரணைக் காவலில் இருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்: அவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர், ஆனால் அவர் பெயரிலும் ஒரு கோப்பு திறக்கப்பட்டுவிட்டது.

2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறைக்கான நெல்சன் மண்டேலா விதிகள், மொத்தம் உள்ள 122 விதிகளில் ஐந்தை, அதாவது 6 முதல் 10 வரையிலானவற்றை, கைதிகளின் கோப்புகளுக்கே ஒதுக்கியிருக்கின்றன. செல்லத்தக்க ஆணை இல்லாமல் யாரையும் சிறைக்குள் ஏற்கக்கூடாது. உள்ளே வந்த நாளையும் நேரத்தையும், ஒப்படைத்த உடைமைகளையும், குடும்பத்தாரின் பெயர்களையும், உடலில் வெளிப்படையாகத் தெரியும் காயங்களையும் எழுத வேண்டும் என்கின்றன. காயத்தைக் குறிக்கச் சொல்லும் அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். முதல் நாளிலேயே அது எழுதப்பட்டுவிட்டால், பின்னாளில் எங்கே அடிபட்டது என்ற கேள்வி எழும்போது கைதிக்கும் காவலருக்கும் அதுவே சாட்சியாகிறது. கோப்பை யார் திறந்தார், யார் திருத்தினார் என்ற சுவடு அழியாமல் இருக்க வேண்டும், கடமையின் பொருட்டுத் தேவைப்படுவோர் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது, கைதி தம் பதிவைப் பார்க்கவும் விடுதலையாகும்போது சான்றளித்த நகலைப் பெறவும் உரிமை உண்டு என்பவையும் அவற்றுள் அடங்கும். இவை நாடுகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவன அல்ல என்றாலும், பதிவறையில் காலம் கழித்த எனக்கு இவற்றில் மிகையாக ஒன்றும் தெரியவில்லை.

நம் ஊரில் இது புதிய கதையன்று. 1825 ஏப்ரலில் சுமத்ராத் தீவிலுள்ள பென்கூலனிலிருந்து சென்னை, வங்காளக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1873இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வரும்வரை சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் அவர்களைப் போன்றோரின் கைகளே எழுப்பின. அவர்களைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆட்சியாளர்கள் எழுதிவைத்த தாள்களே. தவறாக எழுதப்பட்ட பெயரைத் திருத்தச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இன்றைய சிங்கப்பூரில், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பதைப் பலர் அறிவதில்லை. 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை நிர்வாகச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் தகவலை வெளியிடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனை இருப்பது நல்லதுதான். ஆயினும் ஒருவருடைய நோயோ குற்றமோ அவருடைய அடுக்குமாடி புளோக்கில் ஒருமுறை பேச்சாகிவிட்டால், எந்த அபராதமும் அதைத் திரும்ப அழைத்துக்கொள்ளாது. எனவே திறக்கும் கைகளைக் குறைப்பதே முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதிவு எப்போது ஓய வேண்டும் என்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததே. 2006 முதல், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், கடுமையான சில குற்றங்கள் நீங்கலாக, ஐந்தாண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால் அவருடைய குற்றப்பதிவு காலாவதியாகிறது. வேறு தண்டனை எதுவும் இருந்திருக்கக் கூடாது.

சென்ற மாதம் ஓர் இளைஞர் வேலை விண்ணப்பத்துடன் வந்தார். கடைத்திருட்டுக்கு இரண்டு மாதச் சிறை. வெளியே வந்து ஆறாண்டுகளுக்கு மேல் ஆகிறது. குற்றப்பதிவு உண்டா என்ற கட்டத்தில் இத்தனை காலமும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'உண்டு' என்றே எழுதியிருக்கிறார். இந்தக் காலாவதி விதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காவல்துறையிடம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ளச் சொன்னேன். "அப்போ 'இல்லை'ன்னு எழுதினா பொய்யாகாதா, ஆன்ட்டி?" என்று கேட்டார். சட்டமே அனுமதிக்கிறது என்றேன். அன்று அவர் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுவாரம் பதில் வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, புதிய தாள் ஒன்று வேண்டும் என்றார்.