கிரே டேங்க்தான் முதலில் நிரம்பும்

ஆர்வி, அதாவது சமையலறையும் கழிப்பறையும் உள்ள சுற்றுலா வண்டியை வாடகைக்கு எடுக்கப் போகும் நண்பர்கள் தவறாமல் என்னிடம் கேட்பது: "தண்ணி எத்தனை நாளைக்கு வரும்?" வருகிற தண்ணீருக்கு எப்படியும் வழி உண்டு. போகிற தண்ணீருக்குத்தான் இடம் கிடையாது.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் ஆர்வி ட்ரெய்லருக்கு அடியில் மூன்று டேங்குகள். நல்ல தண்ணீர் 40 கேலன் பிடிக்கும், அதாவது சுமார் 150 லிட்டர், 150 கிலோ எடை. சிங்க், ஷவர் தண்ணீர் இறங்கும் கிரே டேங்க் 30 கேலன். டாய்லெட்டுக்கான பிளாக் டேங்க் இன்னொரு 30. மாடித் தொட்டி எல்லாம் கிடையாது. 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பம்புதான். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும், பம்பு தானாக ஓடும். மூடினால் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வாக்கில் ஏறியதும் நின்றுவிடும். நடுராத்திரி யாரும் குழாயைத் தொடாதபோது பம்பு ஒரு நொடி 'டர்ர்' என்று ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. நான் முதலில் பார்ப்பது டாய்லெட் வால்வை.

கேம்ப்கிரவுண்ட் குழாயில் நேரடியாக ஹோஸ் மாட்டினால் பம்பு வேண்டாம். ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும். அதையும் குழாய்ப் பக்கமே மாட்டுங்கள், ஹோஸும் பிழைக்கும்.

இனி கிரே டேங்க். ஷவர் நிமிடத்துக்கு 2 கேலன் விட்டாலே, என் மகன் பத்து நிமிடம் பாடிக்கொண்டு குளித்தால் 20 கேலன் காலி. அதாவது கிரே டேங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆளுக்கு. கிராண்ட் கேன்யன் மேத்தர் கேம்ப்கிரவுண்டுக்குப் போயிருந்தபோது அம்மாவும் உடன் இருந்தார். அங்கே நாம் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஹூக்கப் (தண்ணீர், கழிவுநீர்க் குழாய் இணைப்பு) கிடையாது, டேங்குகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் தனியாக இருக்கிறது. கோவில்பட்டியில் குடத்துக்கு வரிசையில் நின்றவருக்கு அரை வாளியில் குளிப்பது பெரிய விஷயமா? அவருக்குப் புரியாதது வேறு. "ஏட்டி, களனித் தண்ணிய எதுக்குட்டி டாங்கிக்குள்ள விடுத? அந்த மரத்துக்கு ஊத்துனா குடிக்கும்லா" என்று பாத்திரத்தோடு பைன் மரத்தடிக்குக் கிளம்பிவிட்டார். நியாயம்தான், ஆனால் தேசியப் பூங்காவில் கழிவுநீரைத் தரையில் ஊற்றக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி: அரிசியை வீட்டிலேயே கழுவி உலர்த்தி எடுத்துவருவது, சாம்பார்ச் சட்டியைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் சிங்க்குக்குக் கொண்டுபோவது. தாளித்த எண்ணெயும் கஞ்சியும் டேங்கில் தங்கினால் வரும் நாற்றம் பிளாக் டேங்கையே தோற்கடிக்கும்.

நாற்றம் என்றதும் ஒன்று. வண்டி ஓடும்போது சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் குலுங்கிப் போய்விடும். டேங்க் காற்று நேரே உள்ளே வரும். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு சிங்க்கிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

பிளாக் டேங்க் விஷயத்தில் நம் பழக்கம்தான் ஜெயிக்கும். காகிதத்தை அள்ளிப் போட்டு, தண்ணீரை மிச்சம் பிடிப்பவர்களுக்கே அடைத்துக்கொள்கிறது. கழுவுகிற நமக்குச் சீக்கிரம் நிரம்பும், அடைக்காது. முழு ஹூக்கப் இருந்தாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது மேடாகக் காய்ந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு கையுறையோடு முதலில் பிளாக் டேங்கைக் காலி செய்யுங்கள், அடுத்து கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். காலி செய்ததும் பிளாக் டேங்கில் இரண்டு கேலன் தண்ணீர் திரும்ப ஊற்றிவையுங்கள். உள்ளே விளக்கு எரியும் அளவுகாட்டியை நான் நம்புவதில்லை. டேங்க் சுவரில் உள்ள சென்சாரில் காகிதம் ஒட்டிக்கொண்டால், காலி டேங்கும் நிறைந்ததாகத்தான் தெரியும்.

எங்களைப் போல கொலராடோவில் இருந்தால் குளிர்காலத்துக்கு முன் வெந்நீர் ஹீட்டருக்குள் போகாதபடி பைபாஸ் செய்து, குழாய் உறைந்து வெடிக்காமல் காக்கும் ரோஸ் நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும்வரை ஓட்ட வேண்டும். காரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷம், அது வேண்டாம். வெளிப்பக்கம் மூடிக்குள் இருக்கும் ஷவரையும் திறந்துவிடுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.