நேமி ஏரிக்கரைக்கு அம்மாவின் வெள்ளிக் கண்கள்

அம்மாவின் நேர்ச்சையைக் கொண்டுபோய்ச் செலுத்த எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அவருடைய வலது கண்ணின் விழித்திரை கழன்று, அறுவைச் சிகிச்சை செய்யவிருந்த மருத்துவரே பாதி நம்பிக்கைதான் என்று கையை விரித்திருந்த நாளில், இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் பணியாற்றும் அருள்சகோதரியான என் தங்கை தொலைபேசியில், "இங்கே நேமி என்ற மலையூரில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது அம்மா, நாளைக்குப் போய் உங்களுக்காக முழந்தாளிட்டு வருகிறேன்" என்றாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல், பார்வை திரும்பினால் அந்தப் பாதத்தில் ஒரு சோடி வெள்ளிக் கண்கள் வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். பார்வை திரும்பியது. தங்கை இரண்டு முறை விடுப்பில் தூத்துக்குடிக்கு வந்தபோதும் அவளிடம் அதைக் கொடுத்தனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. "கேட்டவள் நீ, கொடுக்க வேண்டியவள் நான். எனக்குப் பதிலாக உன் அண்ணன் வருவான்" என்று சொல்லிவிட்டார். எண்பத்தொரு வயதில் முழங்கால் வலியோடு விமானம் ஏற அவரால் முடியாது.

ரோமில் அம்மா இட்ட முதல் கட்டளையின்படி மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்குப் போய், எங்கள் பனிமய மாதாவின் தாய்வீட்டில் ஒரு செபமாலை சொல்லி முடித்துவிட்டு, மறுநாள் காலை நேமிக்குப் புறப்பட்டேன். அது ஜூன் மாதத்து முதல் ஞாயிறு. நேமியில் அன்றுதான் காட்டுச் செம்புற்றுப்பழத் திருவிழா, அதாவது ஸ்ட்ராபெரித் திருவிழா என்பது எனக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தங்கையும் மறந்துபோயிருந்தாள். மெட்ரோ கடைசி நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஒருவர் வழிமறித்து, இன்றைக்குப் பேருந்து எதுவும் மலைக்குப் போகாது, தன் காரில் நூறு யூரோவுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நான் தலையாட்டப் போகும் நேரத்தில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே பேருந்து வந்து நின்றது. ஊருக்கு ஊர் மொழிதான் வேறு, தரகர் ஒருவர்தான்! ஆனால் அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஜென்சானோ என்ற ஊரோடு பேருந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் சாலையை அடைத்துக்கொண்டு கார்கள். அங்கே காத்திருந்த தங்கையும் நானும் ஏரியின் விளிம்பைச் சுற்றிப் போகும் சாலையில், உச்சி வெயிலில், நகர முடியாமல் நின்ற கார்களின் புகையைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடந்தோம். சட்டைப்பையில் இருந்த வெள்ளிக் கண்களை நான் எத்தனை முறை தொட்டுப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

மேலே போய்ச் சேர்ந்தால், கோவில் நண்பகலுக்குச் சாத்தியாகிவிட்டது. மாலைதான் திறப்பார்கள். தெருவெங்கும் ஆள்மேல் ஆள். சிவப்புப் பாவாடையும் கறுப்பு மேற்சட்டையும் தலையில் வெள்ளைச் சரிகைத் துணியும் அணிந்த பெண்கள் பழக்கூடைகளோடு நின்றார்கள். ஒரு கிண்ணம் பழத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தார்கள். மனம் சோர்ந்துபோயிற்று. "கீழே ஏரிக்குப் போய்வரலாம் அண்ணா, நேரம் போகும்" என்று தங்கைதான் அழைத்துப்போனாள்.

நேமி ஏரி அடங்கிப்போன எரிமலையின் வாய். ரோமுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், அல்பான் குன்றுகளுக்கு நடுவே, சுற்றிலும் செங்குத்தான காட்டுச் சரிவு இறங்க, அடியில் அசையாத நீர். இதைத் தியானாவின் கண்ணாடி என்று பழைய ரோமர்கள் அழைத்தார்கள். வடகரையில் அவர்களுடைய தியானா தேவதையின் கோவில் இருந்தது. இன்று பெரிய மாடக்குழிகள் கொண்ட சுவரும் புல்லும்தான் மிச்சம். அங்கே பூசாரியாக இருந்தவனுக்கு வனத்து அரசன் என்று பெயர். தப்பியோடி வந்த அடிமை ஒருவன் அந்த வனத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்துவிட்டால், பூசாரியோடு சண்டையிட்டு அவனைக் கொன்று, தானே பூசாரி ஆகலாம். ஆகவே உருவிய வாளோடு நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே அவன் காலம் கழிந்ததாகப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். நீண்ட நாள் பதவியில் இருந்த ஒரு பூசாரியை ஒழிக்க, கலிகுலா பேரரசன் அவனைவிட வலியவன் ஒருவனை ஏவிவிட்டதாகவும் வரலாறு உண்டு. அந்தக் கலிகுலா இந்தச் சின்ன ஏரியில் மிதக்கவிட்ட 70 மீட்டர் நீளத்துக்கும் மேலான இரண்டு கப்பல்களை, 1928-இல் தொடங்கி ஏரி நீரை இறைத்து மீட்டு, கரையிலேயே அருங்காட்சியகம் கட்டி வைத்தார்கள். 1944 மே 31 இரவு போர்க்காலத் தீயில் இரண்டும் சாம்பலாயின. இப்போது இருப்பவை சிறிய மாதிரிகள். நான் அவற்றை அவசரமாகத்தான் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால், செபமாலையைப் பையில் வைத்துக்கொண்டு இப்படியொரு இரத்தக்கறை படிந்த இடத்தில் நிற்பது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. தங்கை, தன் இல்லத்தில் இருக்கும் லத்தீன் ஆசிரியை ஒருவரிடம் கேட்டறிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓவிட் என்ற கவிஞர் இந்த வனத்தைப் பாடும்போது, நீண்ட வேலியெங்கும் நூலிழைகள் தொங்கின என்றும், நன்றிப் பலகைகள் வைக்கப்பட்டிருந்தன என்றும், வேண்டுதல் நிறைவேறிய பெண்கள் தலையில் மாலை சூடி ரோமிலிருந்து எரியும் பந்தங்களைச் சுமந்து வந்தார்கள் என்றும் சொல்கிறாராம். இந்த மண்ணைத் தோண்டியபோது சுட்ட களிமண்ணில் செய்த துணி சுற்றிய குழந்தைகளும் கருப்பைகளும் கிடைத்தனவாம். நான் நின்றுவிட்டேன். வேளாங்கண்ணியில் மரத்திலும் கம்பியிலும் கட்டியிருக்கும் மஞ்சள் நூல் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்கள் யாரை நோக்கிக் கும்பிட்டார்கள் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் பிள்ளை வேண்டி ஒரு களிமண் குழந்தையைக் கையில் பொத்திக்கொண்டு இந்த மேட்டில் ஏறியவளின் கால் வலியை அன்றைக்கு என் கால்கள் அறிந்திருந்தன.

திரும்ப ஏறியபோது மூச்சு வாங்கியது. கோவில் கதவு திறந்திருந்தது. வெளியே வாத்திய முழக்கம், உள்ளே நாலைந்து பேர். 1669-இல் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர் வின்சென்சோ மரத்தில் செதுக்கிய சுரூபம் அது. உடல் முழுவதும் செதுக்கி முடித்தும் முகம் மட்டும் கைக்கு வராமல் அவர் தவித்துச் செபித்துக் கிடக்க, ஒருநாள் விடிந்து பார்த்தபோது முகம் முடிந்திருந்தது என்று ஊரார் சொல்கிறார்கள். நான் அந்தக் கதையை மறந்து, வழிநெடுக மனத்தில் சேர்த்துவைத்திருந்த விண்ணப்பங்களையும் மறந்து, ஐந்து காயங்களையும் வழிந்த இரத்தத்தையும் பார்த்துக்கொண்டே மேலே போய், அந்த முகத்தில் நின்றுவிட்டேன். ஒரு பரலோக மந்திரம்கூட முழுதாக வாயில் வரவில்லை. "ஆண்டவரே, பார்த்தீரே, பார்த்தீரே" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தங்கை பக்கத்தில் முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் துறவாடை வாங்கிய அன்றைக்குப் பிறகு அன்றுதான்.

வெள்ளிக் கண்களை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றபோது, எங்கள் ஊரில் கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைப் போன்ற ஒரு முதியவர் வந்தார். உள்ளங்கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மிக அருகில் பிடித்துப் பார்த்தார். எங்கள் ஊர்த் தட்டார் இமைமயிரைக்கூட ஒவ்வொரு கோடாகக் கீறியிருந்தார். "பெர் கிராத்சியா ரிச்சேவுத்தா" என்றார் முதியவர். அருள் பெற்றதற்காக என்று பொருளாம். பிறகு அவற்றை முத்தமிட்டுப் பாதத்தின் அருகே வைத்தார். படம் எடுக்கலாமா என்று தங்கை கைப்பேசியைக் காட்டிக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெழுகுதிரிகளைச் சரிசெய்யப் போய்விட்டார். அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் அப்போது இரவு எட்டு மணி. வீடியோ அழைப்பில் அம்மா வந்தார். முதலில் என் நெற்றிதான் தெரிந்தது என்று திட்டினார். தங்கை கைப்பேசியைச் சுரூபத்தின் பக்கம் திருப்பி மெல்ல மேலே உயர்த்தியபோது அந்தப் பக்கம் பேச்சே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அம்மா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அறுவை செய்த வலது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் காட்டு" என்றார்.