கேள்வி கேட்டவர்

"கேள்வி கேட்டது நான்தானே தம்பி." போனில் அந்தப் பழைய நடிகர் அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். மூன்று தீபாவளி போய்விட்டது, எடிட்டுக்கு உட்காரும்போது இன்னும் அந்தக் குரல் கேட்கிறது.

எங்கள் சேனலின் தீபாவளி நிகழ்ச்சிக்கு, சின்னத்திரையில் இத்தனை வருடமாக வந்த நகைச்சுவையிலிருந்து சிறந்த 25 காட்சிகள் என்று தலைப்பு வைத்திருந்தோம். கையில் இருந்ததோ எங்கள் அலமாரியின் பழைய பீட்டா வீடியோ டேப்புகள் மட்டும்தான். தூர்தர்ஷனில் எஸ்.வி.சேகரின் வண்ணக் கோலங்கள், சன் டிவியில் எம்.எஸ்.பாஸ்கரின் பட்டாபி, விஜய் டிவியில் லொள்ளு சபாவின் சந்தானம், மனோகர், சுவாமிநாதன், இவர்கள் யாரும் இல்லாமல் என்ன பட்டியல் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவை எங்களுடையவை அல்ல, அனுமதி கிடைக்காது என்று அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

போனில் பேசிய இந்த நடிகருக்குச் சொல்லத்தான் என்னிடம் பதில் இல்லை. தொண்ணூறுகளில் எடுத்த நாடகம், வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாடகை பேசுகிற காட்சி. இவர் வீட்டுக்காரர். ஒரே கேள்வியை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாகக் கேட்பார். பதில் வந்ததும் ஒன்றும் பேசாமல் துண்டை மடிப்பார். இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில், கேமரா அசையாது. மொத்தம் 2 நிமிடம் 50 வினாடி.

நான் வைத்தது 40 வினாடி. வாடகைக் கதையைத் தொகுப்பாளரின் குரலில் சொல்லிவிட்டு நேராகப் பதிலுக்குப் போய்விட்டேன். பழைய டிவியின் 4:3 அளவுப் படத்தை இன்றைய அகலமான 16:9 திரைக்கு நிரப்ப மேலும் கீழும் எப்படியும் வெட்டத்தான் வேண்டும், ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. பதில் சொன்னவர் பின்னாளில் பெரிய ஆள் ஆனவர் என்பதால் அவர் முகத்தைப் பெரிதாக்கினேன். கேள்வி கேட்டவருக்கு ஒரு தோள் மட்டும் மிஞ்சியது.

ஒரு மணி நேர ஸ்லாட், விளம்பரம் போக 25 காட்சிகள், வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. ஆனால் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் விருந்தினர் ஒருவர் வந்து "செம காமெடி" என்று ஒரு நிமிடம் பேசினாரே, அதை நான் தொடவில்லை. தொட விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒளிபரப்புக்கு முந்தைய வாரம் நானேதான் அவருக்கு போன் செய்து, "சார், உங்க சீன் வருது, பாருங்க" என்று சொன்னேன். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் கூப்பிட்டபோது "நேரம் பத்தல சார்" என்றேன். "புரியுதுப்பா" என்றார். அப்புறம் என் சாப்பாடு, தூக்கமெல்லாம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் அந்தக் காட்சியை வெட்டாமல் முழுசாகப் போட்டு, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் காட்டினேன். ஒரு நிமிடம் ஆனதும், "சார், காமெடி எப்ப வரும்?" என்றான். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, நான் வெட்டியது சரிதான் என்று தோன்றியது. வீட்டுக்குப் போகும்போது அந்த நிம்மதி பிடிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வராததற்கு அந்தக் காட்சி காரணமா, 40 வினாடியாக வெட்டி வெட்டியே கொடுத்துப் பழக்கிய என்னைப் போன்றவர்கள் காரணமா? இரண்டு பக்கமும் எனக்கு வாதம் இருக்கிறது, எந்தப் பக்கத்திலும் நிற்க முடியவில்லை.

இந்தத் தீபாவளிக்கும் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியை முதல் வரியில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நேரம் என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.