சென்னையில் ரெண்டு நாள், எங்கே தங்குவது?
கடலூரிலிருந்து சனி, ஞாயிறு சென்னைக்குப் போகலாம் என்றாலே எங்கள் வீட்டில் முதல் பேச்சு அறை வாடகைதான். தி.நகரில் தங்கினால் கடைகள் வாசலிலேயே, ஆனால் அங்கே கேட்கிற வாடகையில் புடவைக் காசு கரைந்துவிடும். என் ஓட்டு எழும்பூருக்கு. ஸ்டேஷன் எதிரே கென்னட் லேன் பக்கம் வரிசையாக லாட்ஜுகள், மெட்ரோவும் பக்கத்திலேயே, திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மலிவுதான், ஆனால் பெரும்பாலும் தனி ஆண்களுக்கு.

திண்டிவனம் வழி பஸ் என்றால் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு சரி. அங்கிருந்து எழும்பூருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறதே என்று அறை போட்டால், மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரர் வாங்கிக்கொள்வார்!

அப்புறம் வரி. ஒரு நாள் வாடகை 7500 ரூபாய்க்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12. பழைய கணக்கில் பில் போட்டால் தயங்காமல் கேளுங்கள். செக்-அவுட் மதியம் 12 மணிக்கா, இல்லை உள்ளே வந்ததிலிருந்து 24 மணி நேரமா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்களுக்கு அந்த சில மணி நேரம் பெரிய விஷயம்.