டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு

எங்கள் கட்டமைப்பியல் பேராசிரியருக்கு 80 வயது நிறைந்ததை ஒட்டிப் பழைய மாணவர்கள் கூடினோம். பேச எனக்கு ஐந்து நிமிடம். முன்னால் பேசியவர்கள் எளிமை, கண்டிப்பு, அன்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். (எளிமையைச் சொல்லாத பாராட்டுக் கூட்டம் உண்டா?) சரி என்று நான் ஒரு உத்திரத்தைப் பற்றிப் பேசினேன்.

வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு எஃகுக் கட்டடத்தின் வரைபடங்கள் மறுநாள் வெளியே போக வேண்டும். மென்பொருளில் உத்திரங்கள் எல்லாமே பச்சை நிறத்தில் பாஸ் ஆகியிருந்தன. மேலதிகாரியும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். என் கைதான் சும்மா இருக்கவில்லை. ஒரு தாளின் மூலையில் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு போட்டுப் பார்த்தேன். டபிள்யூ ஒரு மீட்டர் நீளத்துக்கான பளு, எல் உத்திரத்தின் நீளம். இரு முனையிலும் வெறுமனே தாங்கப்பட்ட உத்திரத்தில், பளு சீராகப் பரவியிருந்தால் நடுவில் வரும் வளைவுத் திருப்புத்திறன், அதாவது பளு உத்திரத்தை வளைக்கப் பார்க்கும் அளவு அது. சிவில் படித்தவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். கணினி காட்டியதோ அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

மூன்றில் ஒன்று என்றதுமே வயிற்றைக் கலக்கியது. 8க்குப் பதில் 24ஆல் வகுத்திருக்கிறது. அதாவது முனைகள் இரண்டும் இறுகப் பிணைக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கணினி மாதிரியில் முனைகளைச் சுழலும்படி விடுவிக்க மறந்தது நான்தான். வரைபடத்தில் இருந்தது கோண இரும்பு வைத்து போல்ட் போடும் சாதாரண இணைப்பு. முனையை அப்படி இறுக்கிப் பிடிக்க அதற்குத் தெம்பு கிடையாது. விடிய விடிய உட்கார்ந்து திருத்தினேன்.

அந்தக் கைப்பழக்கம் சார் கொடுத்தது. "விடை எவ்வளவு வரும்னு முதல்ல சொல்லு, அப்புறம் கணக்குப் போடு" என்பார். கால்குலேட்டரைத் தொடும் முன் உத்தேச விடையை ஓரத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சரியான விடைக்கும் ஒரு மதிப்பெண் போகும். அநியாயம் என்று விடுதியில் அவரைத் திட்டியிருக்கிறேன்.

இடிந்து விழுந்தவற்றைப் பற்றி அவர் நடத்திய வகுப்புகள் தனி. 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஒரு ஓட்டலுக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டையும் ஒரே கம்பியில் தொங்கவிடுவதாக இருந்ததை, வேலை எளிதாக இருக்கட்டும் என்று இரண்டு தனிக் கம்பிகளாக மாற்றியிருந்தார்கள்: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு ஒன்று. இதில் என்ன தப்பு என்று நாங்கள் விழித்தோம். சார் சமன்பாடு எதுவும் எழுதவில்லை. "ஒரு கயித்துல ரெண்டு பேர் தொங்குறீங்க. அவங்கவங்க கை அவங்கவங்க எடையைத் தாங்குது. கீழே இருக்கறவன் கயித்தை விட்டுட்டு மேலே இருக்கறவன் காலைப் பிடிச்சா?" கயிற்றுக்கு அதே பளுதான், மேலே இருப்பவன் கைக்கு இரண்டு மடங்கு. அங்கே அந்தக் கை, மேல் பாலத்தைத் தாங்கிய நட்டும் அதன் இணைப்பும்.

இன்றும் தளத்திலிருந்து "சின்ன மாற்றம்தான் சார்" என்று தொலைபேசி வந்தால், யார் காலை யார் பிடிக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பேச்சுக்குச் சாட்சியாக ஒரு பழைய வகுப்புத் தேர்வு விடைத்தாளைக் கொண்டுபோயிருந்தேன். ஓரத்தில் உத்தேச விடைகள், பக்கத்தில் அவருடைய சிவப்புக் குறிகள், மேலே 20க்கு 14. இறங்கியதும் அவர் கையில் கொடுத்தேன். நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் திருப்பித் திருப்பி உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். மேடையில் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பேனா இருக்காப்பா?"

கொடுத்தேன். 14ஐ அடித்துவிட்டு 13 என்று எழுதி, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போட்டுத் திருப்பித் தந்தார்.

"கூட்டல் தப்பு" என்றார்.