மீதி மூன்று என்ன ஆயிற்று?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். இங்கிலாந்தில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு நான் அனுப்பிய ஆங்கில அறிக்கைக்கு மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. "சர்வர் சரியானதில் மகிழ்ச்சி. பாக்ஸ், மெஷின், நோட் ஆகிய மற்ற மூன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன?"

பழுதானது ஒரே ஒரு சர்வர். முதல் வரியில் அதைச் சர்வர் என்று எழுதியிருந்தேன். அடுத்த வரியில் பாக்ஸ், அப்புறம் மெஷின், கடைசியில் நோட். எங்கள் டீமுக்குள் இந்த நான்கையும் கலந்துதான் பேசுவோம். போதாததற்கு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் பள்ளியில் சிவப்பு மையால் சுழிப்பார்கள். அந்தப் பயம் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. படித்தவர் நான்கு கருவிகள் என்று எண்ணிக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு? எங்கள் சர்வரை அவர் பார்த்ததில்லை, என்னையும் பார்த்ததில்லை. அவர் கையில் இருந்தது என்னுடைய ஒரு பத்தி மட்டும். விளக்கிச் சொல்லி முடிக்க மூன்று மெயிலும் ஒரு போன் காலும் ஆயின. அந்தக் கால் முழுக்க எங்கள் மேனேஜர் மேடம் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. பள்ளியில் மனப்பாடம் செய்தது. பவணந்தியார் குற்றம் என்றது, சொன்ன செய்தியையே மறுபடி சொல்வதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரே பெயரை வைத்துக் கடைசி வரை அதே பெயரில் அழைப்பது வேறு விஷயம். அன்றிலிருந்து என் அறிக்கையில் சர்வர் என்றால் சர்வர்தான், பத்து முறை வந்தாலும்.

இப்போது மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளைப் படித்துப் பார்த்து அனுப்புவதே என் வேலையில் பாதி. ஆர்.சி.ஏ. (ரூட் காஸ் அனாலிசிஸ், மூல காரண ஆய்வு) என்போம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்தோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் இரண்டு பக்கம். புதிதாக வருகிற பையன்கள், பெண்களின் ஆங்கிலம் என் காலத்து ஆங்கிலத்தைவிட எவ்வளவோ மேல். எழுத்துப்பிழை இல்லை, டென்ஸ் தடுமாற்றம் இல்லை. இருந்தாலும் படித்து முடித்தால் என்ன நடந்தது என்று பிடிபடாது. சமீபத்தில் வந்த ஒரு பத்தியைத் தமிழில் தருகிறேன் (லாக் ஃபைல் என்பது சர்வர் தன்னில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் கோப்பு):

"சனிக்கிழமை இரவு 11.40-க்கு அலர்ட் வந்தது. சர்வர் பதில் தரவில்லை. எங்கள் கண்காணிப்புக் குழு 24 மணி நேரமும் இயங்குகிறது. டிஸ்க் நிறைந்திருந்தது. மேலும், சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். லாக் ஃபைல்கள் அழிக்கப்படவில்லை. இருப்பினும், சென்ற மாதம் புதிய வெர்ஷனுக்கு மாறினோம். இது ஒரு செட்டிங் பிரச்சினையால் ஏற்பட்டது."

எழுதிய தம்பி கேட்டான்: "அண்ணா, கிராமர்ல எங்க தப்பு?"

எங்கும் இல்லை. ஒவ்வொரு வரியும் தனியாக நின்றால் சரிதான். ஆனால் வரிகள் நிற்கும் வரிசை, அந்த ராத்திரி அவனுக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்த வரிசை. முதலில் அலர்ட்டைப் பார்த்தான், பிறகு சர்வரை, பிறகு டிஸ்க்கை. சென்ற மாதம் வெர்ஷன் மாறியது கடைசியில்தான் அவன் நினைவுக்கு வந்திருக்கிறது. தேடிய பாதையையே எழுதி வைத்துவிட்டான். படிப்பவருக்கு அந்தத் தேடல் வேண்டாம், கிடைத்ததைச் சொன்னால் போதும். வேடிக்கை என்னவென்றால், கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி பள்ளி ஆங்கிலத் தேர்வில் வரும். அதில் நாங்கள் எல்லோருமே முழு மதிப்பெண் வாங்கியவர்கள்.

கடைசி வரியில் வரும் 'இது'வைப் பாருங்கள். எது? வெர்ஷன் மாறியதா, லாக் அழியாததா, சர்வர் நின்றதா? ஆங்கிலத்தில் 'திஸ்' என்று வரி தொடங்கினால் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைக்கச் சொல்வேன். 'திஸ் ஃபெயிலியர்', 'திஸ் செட்டிங்' என்று எழுதும்போது பாதிக் குழப்பம் தெளிந்துவிடும். எழுதுகிறவருக்கே தான் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் இருந்தால் அதுவும் அப்போதுதான் வெளியே வரும்.

அவனைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். "உங்க அம்மா போன் பண்ணி, ஏன்டா ராத்திரி பூரா தூங்கலேன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன். யோசிக்காமல் சொன்னான்: "போன மாசம் வெர்ஷன் மாத்தினப்ப ஒரு செட்டிங் போயிடுச்சும்மா. அதனால லாக் அழியாம சேர்ந்து சேர்ந்து, டிஸ்க் ரொம்பி, சர்வர் நின்னுடுச்சு."

ஒரு இழை அறவில்லை. 'அழியாமல்', 'சேர்ந்து', 'ரொம்பி' என்று தமிழில் எச்சங்களே ஒன்றையொன்று கை பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆங்கிலத்துக்கு வரும்போது சின்னச் சின்ன வாக்கியமாக எழுது என்று நம்மிடம் சொல்லிவிடுகிறார்கள். நல்ல அறிவுரைதான். நாமும் வெட்டுகிறோம். வெட்டும்போது எச்சத்தோடு சேர்ந்து இழையும் போய்விடுகிறது. பத்தி தொளதொளவென்று இருப்பது நமக்கே தெரிந்து, அங்கங்கே ஒரு 'மோர்ஓவர்', ஒரு 'ஹவெவர்' தூவுகிறோம். 'இருப்பினும் வெர்ஷனுக்கு மாறினோம்' என்றால் எதற்கு இருப்பினும்? இப்போது பலர் ஏ.ஐ. கருவியிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி வருகிறார்கள். எனக்கு வந்த ஒன்றில் அது 'கான்ஸிக்வென்ட்லி' (அதன் விளைவாக) என்று அழகாகச் சேர்த்து, காரணமே இல்லாத இடத்தில் ஒரு காரணத்தை உண்டாக்கி வைத்திருந்தது.

அந்தத் தம்பியிடம் அந்தாதியைச் சொன்னேன். அவன் பாட்டி அபிராமி அந்தாதி சொல்வாராம். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். பாட்டி நூறு பாட்டையும் தடுமாறாமல் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அறிக்கையிலும் ஒரு வரி முடிகிற இடத்தில் அடுத்த வரி தொடங்க வேண்டும். அம்மாவிடம் சொன்னதற்கும் அறிக்கைக்கும் ஒரே ஒரு வித்தியாசம். தமிழில் அம்மாவிடம் சொன்னபோது காரணம் முன்னால் வந்தது, சர்வர் நின்றது கடைசியில் வந்தது. வாடிக்கையாளருக்கு அதுதான் முதலில் வேண்டும். அதனால் சங்கிலியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், கண்ணிகள் அதேதான். சர்வர் நின்றதற்குக் காரணம் டிஸ்க் நிறைந்தது. டிஸ்க் நிறைந்ததற்குக் காரணம் லாக் ஃபைல்கள் அழியாமல் சேர்ந்தது. லாக் ஃபைல்களை அழிக்கும் செட்டிங், சென்ற மாதம் வெர்ஷன் மாறியபோது விடுபட்டது. 'ஹவெவர்' ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் பெயின், 1866-இல் ஆங்கிலப் பத்திக்கு ஆறு விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதற்கு முன் சொன்னதோடு உள்ள உறவு ஐயமில்லாமல் தெரிய வேண்டும் என்பது அவற்றில் முதல் விதி. பத்தி விலகி அலையக் கூடாது என்பதும் ஒன்று. ஆங்கில வகுப்புகளில் இன்றைக்கும் சொல்லப்படும் ஒருமைப்பாடு அதுதான். நமக்கு அது 'மற்றொன்று விரித்தல்', அதே பத்துக் குற்றங்களில் இன்னொன்று.

எங்கள் அறிக்கையில் அந்த மற்றொன்று, "கண்காணிப்புக் குழு 24 மணி நேரமும் இயங்குகிறது" என்ற வரி. அதைத் தம்பி எழுதவில்லை, மேலிடத்திலிருந்து வந்தது. காரணம் சொல்லும் பத்தியின் நடுவே அது நிற்க, 24 மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தும் டிஸ்க் நிறையும்வரை விட்டீர்களா என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எடுத்துவிடலாம் என்றேன். முடியாது என்றார்கள். அரை நாள் பேச்சுக்குப் பிறகு, அதற்கென்று கடைசியில் தனியாக ஒரு பத்தி கொடுத்து அங்கே குடியேற்றினோம். அலுவலகத்தில் இவ்வளவுதான் நடக்கும்.

சாயங்காலம் தம்பி திருத்திய பத்தியோடு வந்து நின்றான். படித்தேன். தடையில்லாமல் ஓடியது. அவன் முகத்தில் மட்டும் தெளிவில்லை.

"அண்ணா, டிஸ்க்னு அஞ்சு தடவை வந்துடுச்சு. ஒரு எடத்துலயாவது ஸ்டோரேஜ்னு போட்டுரட்டுமா?"

"வேண்டாம்பா. அனுப்பிடு."